கேட்டுக் கட்டிய வீடுகள்

கொழும்பில் 1962இல் கட்டி முடிந்த ஒரு வீட்டை, 2009இல் காணி கைமாறிய பிறகு, கல் கல்லாகப் பிரித்தெடுத்து, தூணுக்கும் கதவுக்கும் இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அருகே உள்ள லுணுகங்கத் தோட்டத்துக்கு ஏற்றிச் சென்று மறுபடி எழுப்பினார்கள். ஜெஃப்ரி பாவா, பத்திக் கலைஞரான ஈனா டி சில்வாவுக்குக் கட்டிக்கொடுத்த வீடு அது. புதைபொருள் ஆய்வாளர் நிலத்தை அகழும் கவனத்தோடு அந்தக் காரியம் செய்யப்பட்டது. 2016இல் வீடு பார்வைக்குத் திறக்கப்பட்டது. ஈனா அதற்கு முந்திய ஆண்டு காலமாகிவிட்டார்.

இந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. பழைய வீடென்றால் இடித்து, நிலையையும் கதவையும் தளபாடக் கடைக்கு விற்பதே வழக்கமாகிவிட்ட ஒரு நாட்டில் இது பெரிய காரியம். ஆனால் அந்த வீடு கல்லிலிருந்து பிறக்கவில்லை. தன் முன்னோரின் அலுவிகாரை வளவில் இருந்தது போல முற்றமும் விறாந்தையும் தனக்கு வேண்டும், ஆனால் நகரத்துத் துண்டுக் காணியில் இந்தக் காலத்து வீடாக அது இருக்கவேண்டும் என்று ஒரு பெண் கேட்டதிலிருந்து பிறந்தது. பாவா வீட்டை உட்பக்கமாகத் திருப்பினார். தெருவுக்கு மதிலைக் காட்டி, நடுவே முற்றத்தைத் திறந்துவிட்டார். 1960களில் ஈனாவும் அவருடைய மகனும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவும் பத்திக் வேலையைத் தொடங்கியது அந்த வீட்டில்தான். கல்லை லொறியில் ஏற்றலாம். உருகிய மெழுகின் மணத்தை ஏற்றமுடியாது. அந்த மணம் இனி யாராவது சொன்னால்தான் உண்டு.

ஒரு வீட்டின் வரலாறு எங்கே இருக்கிறது என்ற கேள்வி எனக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. கட்டிடக் கலைஞரின் வரைபடத்திலா, கல்லிலா, குடியிருந்தவரின் வாயிலா?

இலங்கையில் வீட்டை வரைந்து வைக்கும் ஒரு நல்ல மரபு இருந்திருக்கிறது. 1960களில் பார்பரா சன்சோனி, டேனிஷ் கட்டிடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர், லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம் ஆகியோர் நாடெங்கும் அலைந்து விகாரைகளையும் வளவு வீடுகளையும் தங்குமடங்களையும் அளந்து வரைந்தார்கள். அந்தக் கோடுகள் 1978இலும் 1998இலும் நூல்களாக வந்தன. அதே கைகள் பாவாவின் அலுவலகத்திலும் வேலை செய்தன. அந்த அலுவலக வரைபடங்களில் ஒரு மரம் வட்டக் குறியாக இருப்பதில்லை. அது இன்ன மரம் என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். உலகம் பாவாவை அறிந்ததில் பாதி இந்த வரைபடங்களால் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. மரத்தின் இலை எண்ணப்பட்டிருக்கிறது. குசினியில் நிற்பவர் வரையப்படவில்லை.

1998 என்றேன். அதே ஆண்டு வேறொரு நூலும் வெளிவந்தது. கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வாவின் தன்வரலாறு. ஆசியப் பெண் கட்டிடக் கலைஞர் ஒருவரின் வாழ்வும் பணியும் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. முதற்பாகம் என்று போட்டிருக்கிறது. இரண்டாம் பாகம் வரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அவர் கண்டியில் இறந்துபோனார். நூலைக் கண்ணால் காண அவர் இல்லை.

மினெட்டைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் முதலில் சொல்வது அவர் லெ கொர்பூசியேயின் சிநேகிதி என்பதை. இரண்டாவதாக, பிரித்தானியக் கட்டிடக் கலைஞர் அரச நிறுவகத்தில் 1948இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் என்பதை. இரண்டும் உண்மை. இரண்டும் அவருடைய வீடுகளைப் பார்க்கவிடாமல் மறைக்கின்றன. ஒரு பெண் படைப்பாளியை அவளுக்கு வந்த கடிதங்களைக் கொண்டு அளக்கும் இந்தப் பழக்கம் நமது இலக்கிய உலகத்திலும் இல்லாததல்ல.

1918இல் பிறந்தவர். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா சிங்கள பௌத்தர், கண்டி அரசியல்வாதி. தாய் அக்னஸ் நெல் பறங்கிக் கிறிஸ்தவர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு டொனமூர் ஆணைக்குழுவின் முன் நின்றவர்களில் ஒருவர். அப்போது இலங்கையில் கட்டிடக்கலை படிக்க இடமில்லை. பம்பாய்க்குப் போனார். 1942இல் காந்தி கைதான வேளையில் மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் கல்லூரியில் இருந்து வெளியேற்றப்பட்டார். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. பிறகு பெங்களூரில் ஒட்டோ கோனிக்ஸ்பேர்கரிடம் வேலை, அதன்பின் லண்டனில் படிப்பு. பம்பாயில் 1946இல் தொடங்கிய 'மார்க்' இதழை முல்க் ராஜ் ஆனந்தோடு சேர்ந்து நடத்தியவர்களில் மினெட்டின் அக்கா அனில் டி சில்வா ஒருவர். சுதந்திரத்தை ஒட்டி நாடு திரும்பிய மினெட், கண்டியில் பெற்றோரின் வீட்டிலேயே தன் அலுவலகத்தைத் தொடங்கினார். கொழும்பைத் தேடிப் போகாமல் கண்டியில் இருந்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். அவருடைய வேலையின் குணத்துக்கும் தொழிலில் அவர் பின்தள்ளப்பட்டதற்கும் அது ஒரு காரணம்.

முதல் வீடு கருணாரத்ன குடும்பத்துக்கு. பெற்றோருக்குத் தெரிந்தவர்கள். கண்டி மலைச்சரிவில் 1949க்கும் 1951க்கும் இடையில் எழுந்த வீடு. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் தளங்களை மேலும் கீழுமாக இறக்கிக் கட்டினார். கருங்கல், மரம், கண்ணாடிச் செங்கல், கொங்கிறீற் எல்லாம் அதில் உண்டு. வரவேற்பறைச் சுவரில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம். 1943இல் உருவான '43 குழு'வின் கீற், கண்டிக்காரர். கதவுகளில் தும்பறைப் பாய் நெசவு.

இந்தக் கதவுகளிடம் கொஞ்சம் நிற்கவேண்டும். தும்பறைப் பள்ளத்தாக்கில் நாரால் பாய் நெய்தவர்கள் கின்னர சாதியார், கண்டி இராச்சியத்தின் சாதிப்படியில் மிகக் கீழே வைக்கப்பட்டவர்கள். அவர்களுடைய நெசவில் யானையும் மானும் பாம்பும் கோடுகளாகச் சுருங்கி நிற்கும். அதைப் பார்த்து நவீன ஓவியம் என்று மயங்காதவர் இல்லை. இந்தக் கைவினைஞர்களை ஊர் ஊராகத் தேடிப்போய் எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூலுக்குப் படம் பிடித்தவர் அவருடைய மனைவி எதெல், பின்னாளில் அவரே நெசவாளரானார். இலங்கைத் தமிழர் ஒருவரும் ஆங்கிலப் பெண் ஒருவரும் கண்டிக் கைவினைஞரின் வாயைக் கேட்டு எழுதிவைத்ததை, நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு கட்டிடக் கலைஞர் கதவாகத் திருப்பிக் கொடுத்தார். குமாரசுவாமியிடம் இறந்துகொண்டிருப்பதன் மீதான துக்கம் இருந்தது. மினெட்டிடம் அது இல்லை. நெசவாளிக்கு வேலை கொடுத்தால் நெசவு பிழைக்கும் என்ற நடைமுறைப் புத்தி இருந்தது. தரைக்கு விரித்த பாய் வரவேற்பறைக் கதவில் ஏறி நின்றது சாதி சார்ந்த ஒரு செய்கையும்தான். அவர் அதை அப்படி நினைத்துச் செய்தாரா என்பது வேறு. அந்த வீட்டைப் பற்றி எழுதுபவர்கள் ஓவியருக்குப் பெயர் சொல்கிறார்கள். நெசவாளருக்கு ஊர்ப்பெயர் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

'மார்க்' இதழில் 1953இல் இந்த வீட்டைப் பற்றி மினெட் எழுதினார். நவீனப் பிராந்தியக் கட்டிடக்கலை என்ற தொடரை அவர் அக்காலத்திலேயே கையாண்டார். மேற்கில் 'விமர்சனப் பிராந்தியவாதம்' என்ற கோட்பாடு சோனிஸ், லெஃபேவர் இருவராலும் 1981இலும், கெனத் ஃபிராம்ப்ரனால் 1983இலும் முன்வைக்கப்பட்டது. முப்பது ஆண்டு வித்தியாசம். நாம் அந்தக் கோட்பாட்டை ஆங்கில நூல்களில் படித்து, நம்முடைய பண்டிதர்களுக்கு அது தெரியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம். அது கண்டியில் வீடாகவே நின்றுகொண்டிருந்தது.

நின்றுகொண்டிருந்தது என்று இறந்தகாலத்தில்தான் சொல்லவேண்டியிருக்கிறது. மினெட்டின் கட்டிடங்களில் பல இடிந்தும் இடிக்கப்பட்டும் உருமாறியும் போயின. அவர் வாழ்ந்து வேலை செய்த வீட்டைக் காடு மூடியது. பாவாவுக்கு அறக்கட்டளை உண்டு, தோட்டம் உண்டு, பெரிய நூல்கள் உண்டு. மினெட்டுக்கு 1996இல் இலங்கைக் கட்டிடக் கலைஞர் நிறுவகம் ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தது. இரண்டு ஆண்டில் அவர் இறந்தார். வரைபடங்களும் கடிதங்களும் சிதறின.

ஆக எஞ்சியது அவருடைய அந்த நூல். அதைத் தன்வரலாறு என்று சொல்வதைவிட ஒட்டுப் புத்தகம் என்று சொல்வது பொருந்தும். சிறுவயதில் பத்திரிகைத் துண்டு ஒட்டிவைப்போமே, அந்த மாதிரி. படம், கடிதம், பத்திரிகைச் செய்தி, தரைப்படம், அவற்றுக்கு நடுவே அவருடைய குறிப்பு. விமர்சகர்கள் இதை ஒழுங்கற்ற நூல் என்கிறார்கள். ஒழுங்கற்றதுதான். தன்னைப் புகழ்ந்தவற்றை எடுத்து வைத்திருக்கிறார், தனக்கு இழைக்கப்பட்டதாக நினைத்தவற்றை மறக்காமல் எழுதியிருக்கிறார், ஆண்டுகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. ஆவணமாக அதை நம்பி எழுத உட்காருபவன் பாடு திண்டாட்டம். ஆனால் வீட்டையும் அதில் இருந்தவரையும் கட்டியவரையும் ஒரே பக்கத்தில் வைத்த வேறு கட்டிடக்கலை நூல் நம் பக்கத்தில் எனக்குத் தெரிய இல்லை. தரைப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தால், அந்தத் தரைப்படம் வேறுவிதமாகப் படிக்கப்படுகிறது. இந்த எளிய உண்மையைப் பெரிய நூல்கள் அறியவில்லை.

இந்தக் கேட்கும் பழக்கம் அவருக்கு முதுமையில் வந்ததல்ல. வட்டபுளுவவில் அது முழு வடிவம் பெற்றது.

கண்டி நகருக்கு வெளியே, மகாவலிக்கு அண்மையில் உள்ள ஊர் வட்டபுளுவ. 1950களின் நடுப்பகுதியில் அங்கே 88 ஏக்கர் நிலத்தில் ஒரு வீட்டுத்திட்டம். ஏறத்தாழ 250 வீடுகள். இப்படியொரு வேலை வந்தால் கட்டிடக் கலைஞர் என்ன செய்வார்? ஒரு மாதிரி வீட்டை வரைந்து 250 தடவை அச்சடிப்பார். மினெட் வினாப்பட்டியலோடு போனார். வரப்போகிறவர்களைக் கூட்டிப் பேசினார். குடும்பம் எவ்வளவு பெரியது, வருமானம் என்ன, எப்படிப் புழங்குகிறீர்கள், என்ன பழக்கவழக்கம் என்று கேட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பல சமூகத்தவர் வரவிருந்தார்கள். வருமானமும் பலதரம். பதில்களைக் கொண்டு சில வீட்டு வகைகளை வகுத்து, அவற்றுக்குள் ஒவ்வொருவரும் தமக்கேற்ப மாற்றிக்கொள்ள இடம் விட்டார். தாமே முன்னின்று கட்டிக்கொள்ளவும் வழி வைத்தார்.

இன்று இதற்குப் பங்கேற்பு முறை என்று பெயர் வைத்துப் பல்கலைக்கழகங்களில் போதிக்கிறார்கள். பெருவில் ஜோன் டேர்னர் இந்த வழியில் எழுதத் தொடங்கியது 1960களில். எகிப்தில் ஹசன் ஃபாத்தி அதற்கும் முன்னால், 1940களின் பிற்பகுதியில், கூர்னா கிராமத்து மக்களுக்காக மண்ணால் ஒரு புதிய ஊரையே கட்டினார். அழகான ஊர், குவிமாடங்களும் முற்றங்களும் கொண்டது. ஆனால் கூர்னா மக்கள் அங்கே குடிபோக மறுத்தார்கள். அவர்களுடைய பிழைப்பு பழைய ஊரில், பிரபுக்களின் கல்லறைகளின் மேல் இருந்தது. ஃபாத்தி பெரிய கலைஞர், மக்கள்மேல் உண்மையான பரிவு கொண்டவர், மரபை மினெட்டைவிட ஆழமாகவே படித்தவர். ஆனால் கூர்னாவைக் கொடுக்க முடிவுசெய்தது அரசாங்கம். வருகிறீர்களா என்று கேட்காத இடத்தில் எவ்வளவு பரிவு இருந்தும் வீடு வெறுமையாகவே நின்றது.

எதிர்ப்புறத்தில் இன்னொரு கதை, மினெட்டின் சிநேகிதருடையது. போர்தோவுக்கு அருகே பெஸாக் என்ற இடத்தில் லெ கொர்பூசியே 1920களின் நடுவில் ஒரு சர்க்கரை ஆலை முதலாளிக்காகச் சுமார் ஐம்பது தொழிலாளர் வீடுகள் கட்டினார். தட்டைக் கூரை, நீள யன்னல். குடிவந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தட்டைக் கூரைமேல் ஓட்டுக்கூரை போட்டார்கள், நீள யன்னலைச் சுருக்கினார்கள், திறந்துகிடந்த கீழ்த்தளத்தைச் சுவர்வைத்து அடைத்தார்கள். நவீனக் கட்டிடக்கலையின் தோல்வி என்று உலகம் சிரித்தது. 1960களில் பிலிப் பூடோன் என்பவர் அங்கே போய், ஒவ்வொரு மாற்றத்தையும் வரைந்து, குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது வேறு. அந்த வீடுகள் மாற்றத்துக்கு இடங்கொடுத்தன, மாற்ற மாற்றக் குடியிருப்பவருக்கு உரியவையாகின. கொர்பூசியே அதை எண்ணிக் கட்டவில்லை. வட்டபுளுவவில் அது எண்ணியே செய்யப்பட்டது. அறுபது எழுபது ஆண்டுகளில் ஒரு குடும்பம் விறாந்தையை அடைத்து அறையாக்கும், மேல்மாடி எழுப்பும், மகளுக்குச் சீதனமாகப் பாதியைப் பிரிக்கும், வாசலில் வாகனத்துக்குச் சாய்ப்பு இறக்கும். கட்டிடக்கலை மாணவர்கள் இவற்றைச் சிதைவு என்று எழுதி, முதல் வரைபடத்தைத் தேடுவார்கள். கேட்டுக் கட்டிய வீட்டில் இவையும் பதில்கள். மினெட் வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதில் சொல்வது நிற்கவில்லை.

2020களில் கொழும்பில் உள்ள நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் '88 ஏக்கர்' என்ற பெயரில் வட்டபுளுவவைப் பற்றிய கண்காட்சியை நடத்தியது. இளம் கலைஞர்கள் அங்குள்ள வீடுகளுக்குப் போய், குடியிருப்பவர்களின் பேச்சைப் பதிவு செய்து, வீடுகளை வரைந்து, அசைவுப்படமும் ஆக்கியிருந்தார்கள். 2019இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம் தன் காரியங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்துவது. மினெட்டின் நூல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததை நினைத்தால் இது சிறிய சங்கதியல்ல. வீட்டைப் பற்றிக் குடியிருந்தவரே அவர் மொழியில் படிக்கலாம்.

இதற்கு ஏன் வரைதல் வேண்டும், புகைப்படம் போதாதா என்று கேட்கலாம். புகைப்படம் இன்று இருப்பதையே காட்டும். எழுபது ஆண்டு வாழ்ந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறவர் இன்று இருப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தச் சுவர் முன்பு இல்லை, இங்கே யன்னல் இருந்தது, அதனூடாக அம்மா கூப்பிடுவா என்று பேசுவார். இல்லாத யன்னலைப் புகைப்படக்கருவி பிடிக்காது. பென்சில் பிடிக்கும். அசைவுப்படம் இன்னும் ஒரு படி மேலே போய், சுவரை எழுப்பவும் மறுபடி கரைக்கவும் வல்லது. ஞாபகம் வேலை செய்யும் விதமும் இதுதான். தரைப்படத்தில் எல்லா அறைகளும் ஒரே காலத்தில் இருக்கின்றன. பேச்சில் ஒவ்வோர் அறைக்கும் வேறு வேறு காலம். கலைஞன் கை இந்த இரண்டையும் ஒரே தாளில் வைக்கப் பாடுபடுகிறது. வரலாற்றாசிரியன் இதை அழகுபடுத்தல் என்று ஒதுக்கினால், ஒரு சான்றையே ஒதுக்குகிறான்.

ஆனாலும் இந்த முறையிடமும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. குடியிருப்பவரைக் கேட்டு எழுதும் வரலாறு, இருப்பவரைத்தான் கேட்கும். வட்டபுளுவ திட்டமிடப்பட்டு எழுந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1956இல் தனிச்சிங்களச் சட்டம். 1958இல் கலவரம். நாட்டின் மொழி இரண்டாகப் பிளக்கப்பட்ட அதே வேளையில் ஒரு பெண் மலைச்சரிவில் நின்று, சிங்களக் குடும்பத்திடமும் தமிழ்க் குடும்பத்திடமும் முஸ்லிம் குடும்பத்திடமும் உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று ஒரே வினாப்பட்டியலைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரே இரண்டு சமூகத்தின் பிள்ளை. இந்தக் காட்சியை நான் இலட்சியமாக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளின் அரச தாள்கள் எல்லாவற்றையும்விட அந்த வினாப்பட்டியலுக்கு மதிப்புக் கூட என்று நினைக்கிறேன். பிறகு 1983 வந்தது. தெற்கிலும் மலையகத்திலும் தமிழர் வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் கப்பலேறின. கலந்து வாழக் கட்டப்பட்ட எந்த ஊரிலும் இப்போது கதவைத் தட்டினால், திறப்பவர் சொல்லும் கதை ஒன்று. திறக்காத கதவுக்கும் ஒரு கதை உண்டு. அதைக் கேட்க வேறு ஊர்களுக்கு, சிலவேளை வேறு நாடுகளுக்குப் போகவேண்டியிருக்கும்.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு விடை யாழ்ப்பாணத்திலிருந்து முன்னமே வந்துவிட்டது. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூல் அது. தலைப்பைத் தமிழாக்கினால் 'முற்றுப்பெறாத தோம்பு'. தோம்பு என்பது ஒல்லாந்தர் காணிகளைப் பதிந்த ஏடு. நம் கிழவர்கள் எல்லைச் சண்டையில் இன்னும் உச்சரிக்கும் சொல். போரால் வீடிழந்த தமிழரும் முஸ்லிம்களுமாக எண்பது பேரிடம், உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள் என்று சனாதனன் கேட்டார். அவர்கள் கைக்கு வந்தபடி வரைந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கூடவே கட்டிடக் கலைஞரின் அளவுமுறைப்படி வரைந்த தரைப்படம் ஒன்று, சனாதனனின் சொந்த ஓவியம் ஒன்று, வரைந்தவர் சொன்ன கதையின் சில வரிகள். இதை வெளியிட்டவர் ஷர்மினி பெரேரா. வட்டபுளுவக் கண்காட்சி நடந்த அருங்காட்சியகத்தின் தலைமைக் கண்காட்சி அமைப்பாளரும் அவரே. ஆகவே இந்த இரண்டு வேலைகளும் தற்செயலாக ஒன்றுபோல இருக்கவில்லை.

இந்த நூலில் கட்டிடக் கலைஞன் இடம் மாறிவிட்டான். வழக்கமாக அவன் வரைவான், பின் வீடு வரும், பின் ஆள் வருவான், கடைசியாகக் கதை. இங்கே கதை முதலில். வீடு இல்லை. கோணல்மாணலாக ஒரு கை வரைந்ததை அடிமட்டம் வைத்து நேராக்குவது கட்டிடக் கலைஞனின் வேலை. அவன் நேராக்கும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது. என்ன போனது என்று இரண்டு தாளையும் ஒளியில் பிடித்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும். மினெட் வட்டபுளுவவில் கேட்ட அதே கேள்விதான் இது. அவர் வரப்போகும் வீட்டைப் பற்றிக் கேட்டார். சனாதனன் போய்விட்ட வீட்டைப் பற்றிக் கேட்டார். இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

அந்த நூலைப் பார்த்த பிறகு, எங்களுடைய வீட்டை வரைந்து தரும்படி அம்மாவிடம் கேட்டேன். வீட்டின் பேரில் எங்களிடம் மிஞ்சியது உறுதி ஒன்றுதான். அதில் கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி, கிணறும் வழிவாய்க்காலும் பொது என்று எல்லை சொல்லியிருக்கிறது. வீட்டைப் பற்றி ஒரு வரி, கல்வீடு என்று. அம்மா என் பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு கிணற்றில் இருந்து தொடங்கினா. துலா, அதன் கீழே கமுகு, பிறகு குசினி, குசினியில் அடுப்படி, அம்மி, விறகு அடுக்கும் மூலை, பின் கதவுப்படி மூன்று. தாளில் முக்கால் பங்கு இவ்வளவுக்கே போயிற்று. பிறகு ஓர் அறை. நான் பிறந்த அறை என்றா. மற்றைய அறையைச் சுருக்கி மூலைக்குள் போட்டா. முன்விறாந்தையைக் காணவில்லை. அதில்தான் எங்கள் வீட்டின் பகட்டெல்லாம் இருந்தது. காரைக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்ட இரண்டு தூண்கள், சாய்மனைக் கதிரை, ஐயாவைத் தேடி வருகிறவர்கள் இருக்கும் வாங்கு.

"விறாந்தையை விட்டிட்டியளே அம்மா" என்றேன்.

"அங்க நான் எங்க இருந்தனான்? அதை ஐயாவைக் கேள்" என்றா.

ஐயா இறந்து பதினாறு ஆண்டுகள். அந்தத் தாளை அப்படியே வைத்திருக்கிறேன்.